கடலூரில் மைனஸ்

கடலூரில் ஆடினால் அவருக்குக் கை நடுங்கும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் டீக்கடை வாசலில் நின்று சொல்கிறார்கள். அவர் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். நடுங்கவில்லை. அந்தப் பருவத்தில் கடலூரில் நடந்த எட்டு ஆட்டங்களிலும் அவருக்கு மூன்றடி தூரத்தில், ஸ்கோர் மேசையில், பேனாவோடு உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரியும்.

பெயரை எழுதவில்லை. எழுதினால், "என்னக் கேட்டீங்களா சார்?" என்பார்.

அவர் சட்டை எண் பதினான்கு. முப்பத்தோரு வயது. கடலூர் முதுநகர்க்காரர். ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஒப்பந்தம் போட்டு எங்கள் மாவட்டப் பெண்கள் கூடைப்பந்து அணியில் சேர்ந்திருந்தார். முதல் ஐந்து பேரில் அவர் கிடையாது. எதிரணி மளமளவென்று கூடை போட ஆரம்பித்தால், அதை நிறுத்துவதற்காக உள்ளே அனுப்பப்படுகிறவர். புள்ளி எடுப்பது அவர் வேலையல்ல. எதிரணியில் யார் போடும் பந்து அன்று நன்றாக விழுகிறதோ, அவள் போகும் வழியில் போய் நிற்பதுதான் வேலை. இந்த மாதிரி ஆட்டக்காரரை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

பேச்சு குறைவு. ஆனால் ஸ்கோர் மேசைக்கு வந்தால் சுலபத்தில் நகரமாட்டார். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள், செல்போனைத் தேடுவார்கள். இவர் நேராக மேசைக்கு வந்து, "காட்டுங்க சார்" என்பார். தாளில் வியர்வை சொட்டிவிடக் கூடாதென்று ஓரடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் படிப்பார்.

எங்கள் முதல் சண்டை ஒரு ரீபவுண்டைப் பற்றியது. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை அவர் பிடித்ததாக எழுதியிருந்தேன்.

"இது என்னுது இல்ல சார். நான் தட்டித்தான் வுட்டேன். புடிச்சது ஆறாம் நம்பர்."

"இருக்கட்டும்மா. உங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லதா கெட்டதான்னு நான் கேக்கலயே. என்னுது இல்லன்றேன்."

ஆறாம் எண் பக்கத்தில்தான் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அக்காகிட்ட வம்பு வெச்சுக்காதீங்க சார்" என்று சிரித்தாள். "குடுத்தா வாங்கிக்க மாட்டாங்க, எடுத்தா வுட மாட்டாங்க." நான் அந்தப் பதிவை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். ஆறாம் எண் சொன்னதை அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன். அதைவிடச் சரியாக அவரைப் பற்றி வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் அணியின் முதலாளி பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறவர். பலாத் தோப்பும் உண்டு. அணி ஜெயிக்கும் நாளில், நன்றாக ஆடிய ஒருவருக்குத் தோப்பிலிருந்து வந்த பலாப்பழம் ஒன்றைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுப்பார். கோப்பையைவிட அந்தப் பழத்துக்குத்தான் அணியில் அடிதடி. சிதம்பரத்தில் ஒருநாள், இரண்டு புள்ளியில் ஜெயித்த பிறகு, பழத்தை இவரிடம் நீட்டினார்.

இவர் வாங்கினார். கனமான பழம். இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு திரும்பக் கொண்டுபோய் முதலாளியின் காலடியில் இறக்கி வைத்துவிட்டார்.

"என்னம்மா?"

"இன்னிக்கி நான் எதையும் நிறுத்தல சார். கடைசில அவுங்களே சொதப்பிட்டாங்க. யாரும் மறிக்கவே இல்ல, அப்பவும் பந்த நேரா போடத் தெரியல."

"அப்ப இத யாருக்குத்தான் குடுக்கறது?"

"அவுங்களுக்கே குடுங்க. அவுங்களாலதான நாம ஜெயிச்சோம்."

அரங்கமே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். அவருடைய மைத்துனர் சிரிக்கவில்லை. அணிக்கு மேலாளர் அவர்தான். "பலாப்பழத்துக்கே இந்த லொள்ளா?" என்று என் காதுபட முணுமுணுத்தார்.

கடலூரில் கை நடுங்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை இனிச் சொல்லவேண்டும்.

அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் கடலூர் மைதானத்தில் பாதியும் சிதம்பரத்து உள்ளரங்கத்தில் பாதியுமாக நடந்தன. சென்னையிலிருந்த ஒரு பகுப்பாய்வு நிறுவனம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ப்ளஸ்-மைனஸ் எண் கணக்கிட்டு அனுப்பியது. விஷயம் எளிமையானது. ஒருவர் களத்தில் இருக்கும் நேரத்தில் அணி எடுத்த புள்ளிகளிலிருந்து, எதிரணிக்கு விட்ட புள்ளிகளைக் கழிக்கவேண்டும். மிச்சம் வந்தால் ப்ளஸ். குறைந்தால் மைனஸ். புள்ளியே எடுக்காத ஒருத்தி அணிக்கு எவ்வளவு பயன்பட்டாள் என்பதை இந்த எண்தான் காட்டும் என்றார்கள். இவரைப் போன்றவர்களுக்கென்றே வந்த எண்.

அதைக் கணக்கிட, யார் எந்த நிமிடம், எந்த விநாடியில் உள்ளே வந்தார், வெளியே போனார் என்பது தெரியவேண்டும். அதற்கு ஒரு நோட்டை நானே கட்டம் போட்டுத் தயாரித்தேன். இருபத்தாறு வருடமாக அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருக்கிறேன். கட்டம் போடுவதில் என்னை யாரும் மிஞ்சியதில்லை. கடலூரில் நான் எழுதினேன். சிதம்பரத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் அதே மாதிரி நோட்டில் எழுதினார். பக்கங்களைப் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம்.

பருவம் முடியும் தறுவாயில் அறிக்கை வந்தது. எண் பதினான்கு சிதம்பரத்தில் எட்டில் ஏழு ஆட்டம் ப்ளஸ். கடலூரில் அதுவரை நடந்த ஏழும் மைனஸ். "சீரற்ற பருவம். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் நெருக்கடியைத் தாங்கும் திறன் குறைவு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கவில்லை."

அடுத்த பருவத்துக்கு எட்டுப் பேரைத்தான் தக்கவைப்பதாக ஏற்பாடு. ஏழு பேர் முடிவாகிவிட்டது. எட்டாவது இடத்துக்கு இவரும், இவரைவிட ஆறு வயது இளைய இன்னொரு பெண்ணும் நின்றார்கள். பள்ளிக்கூட வேலை போய்விட்டது. இதுவும் போனால் வீட்டில் உட்காரவேண்டும். அறிக்கை யார் செல்போனிலிருந்தோ வெளியே கசிந்தது. மறுவாரமே 'கடலூரில் கை நடுங்கும்' என்ற பேச்சும், மைதானத்தில் அவருக்கு ஒரு பெயரும் வந்துவிட்டன.

"மச்சான், மைனஸ் வருதுடா!"

"யக்கா, சிதம்பரத்துக்கு பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது!"

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "மைனஸ்தான். ஒக்காந்து பாருங்க" என்றார். அந்த ஆட்டத்தில், எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரி கடைசிக் குவார்ட்டரில் ஒரு கூடைகூடப் போடவில்லை. என் நோட்டின்படி அன்றைக்கும் இவருக்கு மைனஸ்தான், கடலூரில் எட்டுக்கு எட்டு. எனக்கே அது விசித்திரமாக இருந்தது. ஆனால் நோட்டை நான் சந்தேகிக்கவில்லை.

அவர் சந்தேகித்தார். பருவத்தின் நடுவிலிருந்தே சந்தேகித்தார். ஒருநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தவர், ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"இந்த ரெண்டு கூடை விழுந்தப்ப நான் உள்ள இல்ல சார்."

"உள்ள வந்த நேரம் எழுதியிருக்கேனே. மூணாவது குவார்ட்டர், ஆறு நிமிஷம் பத்து செகண்ட்."

"அப்ப நான் நாற்காலில ஒக்காந்திருந்தேன்."

"எழுதியிருக்கேம்மா."

"எழுதிட்டா ஆயிடுமா சார்?"

இதே பேச்சு நாலு ஆட்டங்களில் நாலு முறை நடந்தது. என் நாட்குறிப்பில் நாலு தேதியிலும் ஒரே வரி இருக்கிறது: 'பதினான்கு மறுபடி தகராறு.'

அவர் சொன்ன நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்று ஆட்டக்காரர் நினைத்தவுடன் களத்துக்குள் போய்விட முடியாது. மேசைக்கு வந்து எங்களிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். ஃபவுலோ, பந்து கோட்டுக்கு வெளியே போவதோ, ஏதாவது ஒன்றால் ஆட்டம் நிற்கும்போதுதான் உள்ளே போகலாம். மற்ற பெண்கள் பயிற்சியாளர் இரண்டு முறை கத்திய பிறகு, முடியைச் சரிசெய்துகொண்டு, ஆட்டம் நிற்கப்போகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். இவர் அப்படி இல்லை. பயிற்சியாளர் தலையைச் சொறிந்தாலே போதும். ஒரே ஓட்டமாக வந்து, "சார், பதினாலு" என்று சொல்லி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிடுவார். ஆட்டம் நிற்க ஒரு நிமிடமும் ஆகும், இரண்டு நிமிடமும் ஆகும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அவர் என் அலுவலகத்துக்கே வந்தார். கையில் அந்த அறிக்கையின் நகல், ஓரமெல்லாம் சுருண்டு. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன்.

"சாப்புடுங்க சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். சிதம்பரத்துல எனக்கு ஒரு நாள்தான் மைனஸ். அன்னிக்கி டீச்சர் வந்தாங்களா?"

நான் நாட்குறிப்பைப் புரட்டவேண்டியிருக்கவில்லை. ஆசிரியைக்கு அன்று காய்ச்சல். நான்தான் பஸ் ஏறிப் போய் அந்த மேசையில் உட்கார்ந்தேன்.

"நான் எழுதினேன்" என்றேன்.

"அதான் சார்" என்றார். கோபமில்லை. வெயிலில் வந்தவர் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டார். நான் டப்பாவை மூடினேன்.

அன்று மாலையே சிதம்பரம் ஆசிரியைக்குப் போன் செய்தேன். "டீச்சர், மாத்து ஆள் வந்தா நீங்க எப்ப நேரம் எழுதுவீங்க?"

"இது என்ன கேள்வி? அவ கோட்டத் தாண்டிக் கால வெக்கட்டும், அப்பறம்தான் பேனாவத் தொறப்பேன். ஏன், நீங்க?"

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். மேசைக்கு வந்து எண்ணைச் சொன்ன அந்த விநாடியிலேயே நான் எழுதிவிடுவேன். அலுவலகத்தில் மனு வந்தவுடன் வரவு முத்திரை குத்துவது போல. தாமதிக்காமல் எழுதுவதுதான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை ஒவ்வொரு முறையும் தாமதமாக எழுதுகிறார் என்று ஒருதரம் என் நாட்குறிப்பில் குறைகூட எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து, அணி பதிவுசெய்து வைத்திருந்த வீடியோக்களை நோட்டோடு ஒப்பிட்டேன். திரையின் மூலையில் அந்த நாற்காலி தெரியும். எதிரணி ஒரு கூடை போடுகிறது. அவர் நாற்காலியில் இருக்கிறார். இன்னொரு கூடை. துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைக்கிறார். மூன்றாவது. நடுவர் விசில் ஊதுகிறார், இப்போதுதான் எழுந்து உள்ளே ஓடுகிறார். மூன்று கூடையும் என் நோட்டில் அவர் தலையில். எதிரணி வெளுத்துவாங்கும்போதுதான் அவரைக் கூப்பிடுவார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கு முன்னால் எரிந்த வீட்டுக்கெல்லாம் வண்டியையே குற்றவாளியாக எழுதியிருக்கிறேன். மற்ற பெண்களுக்கு இந்தத் தவறு சில விநாடிகளுக்கு மேல் போகவில்லை. அவர்கள் தாமதமாக வந்ததால் தப்பித்தார்கள். அவர் ஓடி வந்ததால் மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை பயிற்சி நேரத்தில் போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். இந்தப் பருவத்தோடு மேசையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"எதுக்கு? நீங்க போனா வேற யாராவது வந்து வேற தப்பு பண்ணுவாங்க. இந்தத் தப்ப நீங்க இனிமே பண்ண மாட்டீங்க. இருங்க" என்றார். பிறகு, "எழுதிக் குடுங்க சார்" என்றார்.

பண்ருட்டியில் முந்திரிக் கிடங்கின் மாடியில் மேலாளரின் அறை. நானும் அவரும் போயிருந்தோம். கீழே முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை ஏறி, தொண்டை கமறிக்கொண்டிருந்தது. சென்னை நிறுவனத்துக்கு வீடியோ நேரங்களை அனுப்பி, எந்த ஆட்டத்தை நீக்கினால் எண் எவ்வளவு ஆகும் என்று திருத்திய கணக்கை வாங்கியிருந்தோம். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார். 'தொழில்நுட்பக் காரணத்தால் ஏற்பட்ட பிழை' என்று இருந்தது.

எண் பதினான்கு அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். "தொழில்நுட்பம்னா யாரு?"

"ஏம்மா, சாரோட பேர எதுக்கு இழுக்கணும்? பெரியவரு. நீ ஜாஸ்தி பேசாத."

"இத்தன நாளா எம் பேர இழுத்தீங்க. நோட்டு புடிச்ச கையி யாருதுன்னு யாராச்சும் கேட்டீங்களா? கை நடுங்குதுன்னு எழுதினது எம் பேர்லதான்."

அவர் சொன்னது சரி. நான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, கையாலேயே எழுதினேன். மாற்று ஆட்டக்காரர் மேசைக்கு வந்த நேரத்தை அவர் களத்துக்குள் வந்த நேரமாகத் தவறாகப் பதிந்தது நான். கடலூரில் எட்டு ஆட்டங்கள், சிதம்பரத்தில் ஒன்று, ஆக ஒன்பது ஆட்டங்களிலும் எண் பதினான்கின் மைனஸ் என் தவறால் வந்தது. அந்த ஒன்பதையும் கணக்கில் கொள்ளக் கூடாது. கையெழுத்து, தேதி.

மேலாளர் வாங்கிப் படித்தார். முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. ஒன்பதையும் நீக்கினால் இவர் எண் அந்த இளைய பெண்ணைவிட மேலே. பயிற்சியாளரும் முன்பே இவர்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். "சரி, வுடு. முடிஞ்சிது. எட்டாவது நீதான்" என்று பேனாவை இவர் பக்கம் நீட்டினார்.

இவர் பேனாவை வாங்கவில்லை. கடிதத்தை வாங்கினார். கைகளைப் பின்னால் கட்டமுடியவில்லை, தாள் கையில் இருந்தது. நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"ஒம்பது இல்ல சார். எட்டு."

"எல்லாத்தையும் பாத்துட்டேம்மா."

"கடலூர்ல அந்த நாலாவது மேட்ச்சு. அன்னிக்கி சென்டர் ஆடற பொண்ணுக்குக் கால் சுளுக்கு. என்னத்தான் மொதல்லயே எறக்கினாங்க. நான் நாற்காலில ஒக்காரவே இல்லயே. நீங்க எப்படித் தப்பா எழுதியிருப்பீங்க?"

அது உண்மை. முதல் ஐந்து பேரில் ஒருவராக இறங்கி, ஆட்டம் முடியும் வரை வெளியே வராமல் ஆடியிருந்தார். அன்றைய மைனஸ் முழுக்க முழுக்க அவருடையது. அவசரத்தில் நான் அதையும் சேர்த்து எழுதிவிட்டேன். அவசரம் என்று சொல்வதும் முழு உண்மையில்லை. அவருக்கு உதவட்டும் என்று கை தானாக எழுதியது.

மேலாளர் திருத்திய கணக்கை எடுத்து விரலால் தட்டினார். "இத பாரு. அந்த ஒரு மேட்ச்ச உள்ள சேத்தா நீ அந்தப் பொண்ணுக்குக் கீழ எறங்கற. கொஞ்சம்தான், ஆனா கீழ. எங்க மாமாதான மொதலாளி, சின்ன வயசத்தான் எடுப்பாரு. புரியுதா?"

"புரியுது."

"புரிஞ்சிதான் பேசறியா?"

"எட்டு நாள் எம்மேல எழுதினது பொய்யினு சார் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாரு. அந்த லெட்டர்லயே ஒரு பொய்ய வெச்சா, நாளைக்கி எவனாவது அத மட்டும் புடிச்சிக்கிட்டு எட்டையும் பொய்யினுவான். அந்த நாலாவது மேட்ச்சு என்னுது. நான்தான் ஆடினேன். மோசமாத்தான் ஆடினேன். அதுல யாரும் கை வெக்க வேணாம்."

"வீம்பு."

"ஆமா."

நான் புதிய தாளில் முதலிலிருந்து எழுதினேன். எட்டு ஆட்டங்கள், ஒவ்வொன்றின் தேதியோடு. கடலூரின் நாலாவது ஆட்டத்தின் பதிவு சரியானது, அதில் பிழை இல்லை என்று தனி வரியாக எழுதினேன். அவர் படித்தார். நகல் ஒன்று கேட்டு வாங்கி, மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டார்.

எட்டாவது இடத்தை இளைய பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. நன்றாக ஆடுகிறாள். நான் இன்னமும் அதே மேசையில்தான் இருக்கிறேன். கோட்டைத் தாண்டிக் கால் விழுந்த பிறகுதான் எழுதுகிறேன்.

ஆறு வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. வேறு மாவட்ட அணி ஒன்றின் தேர்வுக்குப் போய்வந்திருந்தார். அந்த அணியின் பயிற்சியாளர் கையில் பழைய அறிக்கை இருந்ததாம். அதை அவர் கையிலெடுக்கும் முன்பே இவர் கோப்பைத் திறந்து என் கடிதத்தை நீட்டியிருக்கிறார். பயிற்சியாளர் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாராம்: "எட்டுக்குக் காரணம் சொல்லியிருக்கு. இந்த நாலாவது மேட்ச்சுல என்ன ஆச்சு?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"மோசமா ஆடினேன்னேன் சார். திங்கக்கிழமலேர்ந்து பிராக்டீசுக்கு வரச் சொல்லிட்டாரு."